போன் கொடுத்தீர்கள், விதியைக் கொடுத்தீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலகம் கொடுத்த செல்போன் கையில் இருப்பவர்களும், அப்படி ஒருவர் வீட்டில் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

"ஆபீஸ்ல போன் குடுத்துட்டாங்க சார், ரீசார்ஜும் அவங்களே போட்டுருதாங்க" என்று தென்காசிப் பக்கம் பெருமையாகச் சொல்லாத இளவட்டமே இப்போது இல்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, நுண்கடன் வசூலுக்குப் போகும் தம்பி, அங்கன்வாடிப் பணியாளர், மின்வாரியத்தில் இருப்பவர் என்று பலருக்கும் போனோ, சிம்மோ, இரண்டுமோ அலுவலகத்திலிருந்து வருகிறது. மகிழ்ச்சிதான். வேலைக்குத் தேவையான கருவியை வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும். கொத்தனாரிடம் சிமெண்டும் நீயே வாங்கி வா என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் போனோடு கூட ஒரு தாள் கொடுத்தார்களா? இந்தப் போனில் நாங்கள் எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், எப்போது திருப்பி வாங்குவோம், வாங்கும்போது உள்ளே இருக்கும் உங்கள் சொந்த விஷயங்களை என்ன செய்வோம் என்று எழுதிய தாள்? நான் கேட்ட வரையில் ஒருவரும் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. போனைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்ச் வந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவோம். உடைந்தால் எப்படிக் கழிப்பது, தலைமை ஆசிரியர் மாறினால் எப்படி ஒப்படைப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. நான்கு கால் மரப் பெஞ்சுக்கு இருக்கும் விதி, ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையும் உள்ளே போய் உட்காரும் போனுக்கு இல்லை. இந்தப் பதிவின் சண்டை அதைப் பற்றித்தான்.

உள்ளே என்னென்ன போகிறது என்று பார்ப்போம். முதல் நாள் அலுவலக மின்னஞ்சல் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் வாரம் "இந்த போன்ல கேமரா நல்லாருக்கு" என்று பிள்ளையின் பிறந்தநாள் படம் எடுப்போம். ஒரு மாதத்தில் சொந்த ஜிமெயிலைப் போட்டுவிடுவோம், பழைய போனில் இருந்த படமெல்லாம் தானாக வந்து இறங்கிவிடும். பிறகு ஜிபே. பிறகு பேங்க் செயலி. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், நகை அடகு ரசீது, தங்கச்சியின் ஜாதகம், வீட்டுப் பத்திரத்தின் நகல். ஆறு மாதத்தில் அது அலுவலகப் போனா, குடும்பப் போனா என்று வைத்திருப்பவருக்கே தெரியாது. ஆனால் பதிவேட்டில் அது அலுவலகத்தின் சொத்துதான்.

அதைவிட ஆபத்து சிம்மில் இருக்கிறது. பல துறைகளில் சியூஜி எண் என்று கொடுக்கிறார்கள். அந்த எண் ஆளுக்குச் சொந்தம் கிடையாது, பதவிக்குச் சொந்தம். மாறுதல் வந்தால் அந்த நாற்காலிக்கு வருகிறவர் கைக்குப் போய்விடும். அந்த எண்ணை வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் கேஸ் புக்கிங்கிலும் கொடுத்து வைத்தவரின் நிலைமையை யோசியுங்கள். ஓடிபி எல்லாம் புதிதாக வந்தவருக்குப் போகும். வருகிறவர் நல்லவராக இருந்தால் போன் போட்டுச் சொல்வார். எல்லா நாற்காலிக்கும் நல்லவரே வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இன்னொன்றும் நடக்கிறது. பணி முடிந்து போனைத் திருப்பிக் கொடுக்கிறோம். அலுவலகத்தில் அதை ரீசெட் செய்கிறார்கள். பழையவருடைய கூகுள் கணக்கை முதலில் நீக்காமல் ரீசெட் செய்தால் ஆண்ட்ராய்டு போன் திறக்காது. திருட்டுக்கு எதிரான பாதுகாப்பாக, பழைய கணக்கின் பாஸ்வேர்டையே கேட்கும். உடனே அலுவலகத்திலிருந்து போன் வரும்: "அந்த பாஸ்வேர்ட கொஞ்சம் சொல்லுங்களேன்." நம் ஆட்களும் சொல்லிவிடுகிறார்கள். போனின் பூட்டுக்கு மட்டுமான சாவி என்று நினைத்துத் தன் ஒட்டுமொத்த மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் உள்ள சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுக்கப்படாத பாடத்தில் பரீட்சை வைத்தால் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்து, அலுவலகத்தால் உண்மையில் எதைப் பார்க்க முடியும்? இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே வந்து குடியிருப்பதும் தெரியும். 2025 அக்டோபரில் வந்த செய்திகளின்படி மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. அதே நிறுவனத்தின் மேனேஜ் எஞ்சின் பிரிவு, அலுவலகப் போன்களை ஓர் இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளையும் செய்து உலகம் முழுக்க விற்கிறது. இந்த வகை மென்பொருளுக்குச் சுருக்கமாக எம்.டி.எம். என்று பெயர். மைக்ரோசாஃப்ட் உட்பட வேறு பல நிறுவனங்களும் இதைச் செய்கின்றன.

எம்.டி.எம். உள்ள போனில் நிர்வாகி என்ன செய்யலாம்? எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யலாம். போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தூரத்திலிருந்தே பூட்டலாம். தூரத்திலிருந்தே மொத்தமாக அழிக்கலாம். உங்கள் அனுமதியை ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, அலுவலக மின்னஞ்சலைப் போனில் போடும்போது ஒரு நீண்ட ஆங்கில அறிவிப்பு வருமே, நினைவிருக்கிறதா? 'இந்தச் சாதனத்தின் எல்லாத் தகவலையும் அழிக்கும் அதிகாரம் நிர்வாகிக்கு உண்டு' என்ற வரி பல இடங்களில் அதற்குள்தான் இருக்கிறது. படிக்காமல் 'சரி' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

நான் மென்பொருளைக் குறை சொல்லவில்லை. அரிவாள்மனை காய் நறுக்கத்தான் செய்யப்பட்டது. கவனித்துப் பார்த்தால், இந்த மென்பொருள்களிலேயே நியாயத்துக்கு வழி இருக்கிறது. அலுவலகத் தகவலை மட்டும் அழிப்பது ஒரு கட்டளை, போன் முழுவதையும் அழிப்பது வேறு கட்டளை. ஆண்ட்ராய்டிலேயே 'வொர்க் ப்ரொஃபைல்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டுக்குள் ஒரு அறையைத் தடுத்து அலுவலகத்துக்கு விட்டது போல. அலுவலகச் செயலிகளில் சின்னதாக ஒரு பெட்டிப் படம் ஒட்டியிருக்கும். சொந்தப் போனில் அப்படிச் செய்தால், அந்த அறைக்கு வெளியே இருக்கும் உங்கள் படத்தையும் செய்தியையும் அலுவலகத்தால் பார்க்க முடியாது. ஆக, பிரித்து வைக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது. பிரித்து வைக்க வேண்டும் என்ற மனசுதான் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் ஒரு புத்திமதி சொல்வார்கள்: "ஆபீஸ் போனில் சொந்த விஷயத்தை வைக்காதே, ரெண்டு போன் வச்சுக்கோ." சென்னையில் ஐடி கம்பெனியில் இருப்பவருக்கு இந்தப் புத்திமதி சரி. அதையே எங்கள் பக்கத்து அங்கன்வாடியில் இருக்கும் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மத்திய அரசு 2018-ல் போஷன் அபியான் என்ற ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஸ்மார்ட்போன் கொடுத்தார்கள். 2021 மார்ச்சிலிருந்து போஷன் டிராக்கர் செயலி வந்தது. பிள்ளைகளின் வருகை, எடை, உயரம், கர்ப்பிணிகள் விவரம், சத்துமாவு வழங்கியது என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவு வாங்க வருகிறவர்களின் முகத்தையும் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இதே திட்டம் தொடங்கிய அந்த 2018-ல் அங்கன்வாடிப் பணியாளருக்கான மதிப்பூதியத்தை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகு மத்திய அரசின் கணக்கில் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தங்கள் பணத்தைப் போட்டு இதைக் கூட்டிக் கொடுக்கின்றன. கூட்டினாலும் அந்த வருமானத்தில் வீடு நடத்தும் ஒரு பெண், வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்வாரா? சாயந்திரம் ஆனால் அவர் பிள்ளை வீட்டுப்பாடம் பார்ப்பதும் அதில்தான். வெளிநாட்டில் இருக்கும் கணவர் வீடியோ காலில் வருவதும் அதில்தான்.

ஆகவே 'பிரித்து வைத்துக்கொள்' என்ற புத்திமதி காசு இருப்பவருக்கான புத்திமதி. காசு இல்லாதவரிடம் அதைச் சொல்வது, பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் வைப்பது. போன் கொடுத்தவர்தான் கோட்டையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள், கொடுத்த போன்களைத் திருப்பிக் கொண்டுபோய் அலுவலகத்திலேயே போட்டார்கள். போன் திணறுகிறது, ரிப்பேர்ச் செலவு எங்கள் தலையில் விழுகிறது, செயலி எங்கள் மொழியில் இல்லை என்றார்கள். தமிழ்நாட்டிலும் செல்போனை ஒப்படைக்கும் போராட்டங்கள் நடந்தன. அதே 2021-ல் ஹரியானாவில் ஆஷா பணியாளர்களுக்குக் கொடுத்த போனில் 'எம்.டி.எம். 360 ஷீல்டு' என்ற செயலியை ஏற்றச் சொன்னார்கள். நாங்கள் எங்கே போகிறோம் என்று இது வேவு பார்க்கும், எங்கள் போனை வேறு எங்கோ இருப்பவர் ஆட்டி வைப்பார் என்று அவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். கொரோனா நேரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய அதே பெண்கள்தான் அவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு சண்டிகரில் துப்புரவுப் பணியாளர்களின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். அவர்களும் போராடினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கண்காணிப்பு யாரிடம் முதலில் வருகிறது? அங்கன்வாடி, ஆஷா, துப்புரவு. சம்பளம் குறைவு, பெரும்பாலும் பெண்கள், எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம். கலெக்டர் கையிலும் கமிஷனர் கையிலும் முதலில் கடிகாரத்தைக் கட்டிப் பார்க்கட்டுமே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பதிவு பாதிதான். அலுவலகம் போன் கொடுத்து நம் வாழ்க்கைக்குள் வருவது ஒரு வகை. போனே கொடுக்காமல் நம் சொந்தப் போனுக்குள் வந்து உட்கார்வது இன்னொரு வகை. நம் ஆசிரியர் சமூகத்துக்கு இரண்டாவது வகை நன்றாகத் தெரியும். எமிஸ் என்றும், டிஎன்எஸ்இடி செயலி என்றும், வருகைப் பதிவு, உடல்நலப் பரிசோதனை விவரம், சைக்கிள் விவரம் எல்லாம் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் ஏற்றினோம். ஆசிரியர் இயக்கங்கள் இதற்காகப் போராட வேண்டியிருந்தது. பின்னால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுக்கும் திட்டம் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேருக்கு என்றார்கள். வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் இதே கேள்விதான்: கணினியோடு தாள் வந்ததா?

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். செயலியில் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள். யாருடைய போனில்? பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போனில். கிராமத்துப் பெண்களின் படங்கள் யாரோ ஒருவருடைய சொந்தப் போனில் எடுக்கப்படுகின்றன. சிக்னல் இல்லாத ஓடைக்கரையில் நின்று எடுத்தால் அது உடனே ஏறாது, போனிலேயே காத்திருக்கும். அந்தப் படங்களுக்கு யார் பொறுப்பு?

பள்ளிகளின் மின்னஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பள்ளிகளின் மின்னஞ்சல் ஒரு சாதாரண ஜிமெயில் கணக்குதான். எப்போதோ இருந்த தலைமை ஆசிரியரின் போனில் தொடங்கியது. பாஸ்வேர்டு மறந்தால் மீட்கும் எண் அவருடைய எண். அவர் ஓய்வு பெற்று வீட்டில் பேரனோடு உட்கார்ந்திருப்பார், இங்கே யாராவது நுழைய முயன்றால் ஓடிபி அவருக்குப் போகும். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் என் போனுக்கும் அப்படி வந்துகொண்டிருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று சம்பந்தப்பட்ட இடத்தில் பல தடவை சொல்லியாயிற்று. "பாக்கோம் சார்" என்கிறார்கள், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மாணவர்களின் ஆதார் எண், சாதி, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த அஞ்சல் பெட்டிக்குள் இருக்கிறது.

வேலை கொடுப்பவர்களின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது மூன்று.

ஒன்று, போன் தொலைந்தால் அலுவலக ரகசியம் போய்விடும், அதனால் அழிக்கும் அதிகாரம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அங்கன்வாடிப் போனில் ஊர்ப் பிள்ளைகளின் விவரம் இருக்கிறது, கர்ப்பிணிகளின் விவரம் இருக்கிறது. அது தெருவில் போகக் கூடாது. ஆனால் இது பிரித்து வைப்பதற்கான வாதமே தவிர, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதற்கான வாதம் கிடையாது. தனி அறை கொடுங்கள், தொலைந்தால் அந்த அறையை மட்டும் காலி செய்யுங்கள்.

இரண்டு, அவசரத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும். இதையும் ஒப்புக்கொள்கிறேன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் மலையில் மழை பெய்தால் அருவியில் எப்போது தண்ணீர் ஏறும் என்று சொல்ல முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் இறந்ததை நாம் மறக்கவில்லை. காவல்துறை, பேரூராட்சி, வருவாய்த்துறை, வனத்துறை என எல்லோரும் நிமிடத்தில் தொடர்புக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட பணியில் இருப்பவர் ராத்திரி போனை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவசரம் என்றால் அவசரமாக இருக்க வேண்டும். ராத்திரி பத்தரை மணிக்கு "நாளை காலைக்குள் படிவம் 4-ஐ நிரப்பி அனுப்பவும்" என்று குரூப்பில் போடுவது வெள்ள அபாய அறிவிப்பா? எதற்கெடுத்தாலும் அவசரம் என்றால், உண்மையான அவசரம் வரும் நாளில் எவனும் போனைத் திரும்பிப் பார்க்க மாட்டான். புலி வருது கதையை நாம்தானே இரண்டாம் வகுப்பில் நடத்தினோம்?

மூன்று, "எங்கள் போன், எங்கள் இஷ்டம்." இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. லாட்ஜ் ரூம் லாட்ஜ்காரருடையதுதான். அதற்காக வாடகைக்கு இருப்பவர் தூங்கும்போது கதவைத் திறந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டா? சீசனுக்குக் குற்றாலம் வரும் எந்த மனிதரிடம் கேட்டாலும் பதில் சொல்வார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்தவுடன் அந்த உரிமையை அலுவலக வாசலில் செருப்போடு கழற்றிவிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை. அதன் பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நல்ல சட்டம் என்று பலரும் பாராட்டினார்கள். அதில் 7-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பணி சம்பந்தப்பட்ட நோக்கங்களுக்காகவும், வேலை கொடுப்பவரை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் என்றால், ஊழியரின் சம்மதம் கேட்காமலே அவருடைய தகவலைக் கையாளலாம் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். 'பணி சம்பந்தப்பட்ட' என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடைக்க முடியாது? சாயந்திரம் ஐந்தருவியில் குளிக்கப் போன இடம் பணி சம்பந்தப்பட்டதா? சங்கக் கூட்டத்துக்குப் போனது பணி சம்பந்தப்பட்டதா?

வெளிநாட்டில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற பொறியாளர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கும்படி கம்பெனி சொன்னது. அதில் தம் சகோதரரோடும் திருமணம் நிச்சயமான பெண்ணோடும் சொந்த விஷயம் பேசினார். 2007-ல் கம்பெனி அந்தப் பேச்சுகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு வேலையை விட்டு நீக்கியது. சொந்த உபயோகம் கூடாது என்ற விதி கம்பெனியில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் 2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உன்னைக் கவனிக்கிறோம், இந்த அளவுக்குக் கவனிக்கிறோம், நீ எழுதுவதையே படிப்போம் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்பட்டதா என்பது அந்த வழக்கில் முக்கியமான கேள்வி. 'செய்யாதே' என்று சொல்வது வேறு, 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்வது வேறு. நான் கேட்கும் அந்தத் தாளின் மதிப்பு இப்போது புரிகிறதா?

பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும், வேலை நேரம் முடிந்தால் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே 2018-லேயே சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு அலுவலகமும், ஒவ்வொரு கம்பெனியும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான். போன் கொடுக்கும்போது தமிழில், ஒரே பக்கத்தில், கீழ்க்கண்ட ஐந்துக்கும் பதில் எழுதி, பெரியவர் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்.

1. இந்தப் போனில் அலுவலகம் எதையெல்லாம் பார்க்க முடியும்? எதைப் பார்க்காது?
2. இருப்பிடம் பார்க்கப்படுமா? பார்த்தால் வேலை நேரத்தில் மட்டுமா?
3. சொந்த உபயோகம் எந்த அளவுக்கு அனுமதி?
4. தொலைந்தால், பழுதானால் செலவு யாருடையது? அழிப்பதாக இருந்தால் எதை அழிப்பீர்கள்?
5. மாறுதல், ஓய்வு, ராஜினாமா வந்தால் சொந்தத் தகவலை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் தருவீர்கள்?

ஐந்தாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேலையிலிருந்து திடீரென்று நீக்கப்படுகிறவருக்கு அன்று மத்தியானமே போன் பூட்டிக்கொள்ளும். சம்பள ரசீதும் உத்தரவும் அதற்குள்ளேயே இருக்கும். தன் நியாயத்தைச் சொல்ல அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

அந்தத் தாள் வரும் வரை, பிள்ளைகளே, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பட்டியல் போடாமல் இருக்க முடியவில்லை.

அலுவலக எண்ணை வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். சொந்தமாக ஒரு சிம், பழைய பட்டன் போனில் போட்டாவது வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வருவதற்கு அது போதும்.

செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடிப் பாருங்கள். ஐபோன் என்றால் 'ஜெனரல்' என்பதற்குள் 'டிவைஸ் மேனேஜ்மெண்ட்' இருக்கும். அங்கே அலுவலகத்தின் பெயரோ, தெரியாத செயலியோ இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். நீங்களே எடுத்துவிடாதீர்கள், அது வேறு வம்பைக் கொண்டுவரும்.

சொந்தக் கூகுள் கணக்கை அலுவலகப் போனில் போடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் அதற்கென்று தனிக் கணக்குத் தொடங்குங்கள், படங்கள் தானாக ஏறி இறங்குவதை நிறுத்தி வையுங்கள்.

சம்பள ரசீது, நியமன உத்தரவு, விடுப்பு அனுமதி போன்ற உங்களுக்கு வந்த ஆவணங்களை அவ்வப்போது அச்செடுத்து வீட்டில் வையுங்கள். அலுவலகத்தின் கோப்புகளைத் தொடாதீர்கள். அது அவர்களுடையது.

போனைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் முதலில் உங்கள் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பைச் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகு, ரீசெட் செய்யலாமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். பாஸ்வேர்டை யார் கேட்டாலும், அதிகாரியே கேட்டாலும், சொல்லாதீர்கள்.

சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் போராடுகிறோம், சரி. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்த ஒரு பக்கத் தாளையும் சேருங்கள். அரசுக்கு இதில் பத்துப் பைசா செலவில்லை. நிதி இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாத கோரிக்கை இது ஒன்றுதான். இதையும் மறுத்தால், பணம் இல்லாததால் மறுக்கவில்லை, பார்க்கும் ஆசையால் மறுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அங்கன்வாடிக்கும் ஆஷா பணிக்கும் போகும் பெண்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். அந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்பதற்கு அவர்கள் பயப்படுவார்கள். தனியாகக் கேட்க வேண்டாம், பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.